கேட்கும், சரி, புரியுமா?

காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் எந்தக் குடும்பமும் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று உண்டு. "ஆபரேஷன் பண்ணிட்டா, பேசுறது புரிஞ்சிடுமா டாக்டர்?" சத்தம் கேட்குமா என்று கேட்டால் டாக்டருக்குச் சிரமமே இல்லை. அநேகமாக எல்லோருக்கும் கேட்கும். பேச்சு புரியுமா, எவ்வளவு புரியும், எத்தனை மாதத்தில் புரியும் என்று கேட்டால்தான் அவர் கொஞ்சம் யோசிப்பார். ஏனென்றால், ஒரே கருவியை, ஒரே மருத்துவர், ஒரே மாதிரி பொருத்திய இருவருக்குக் கிடைக்கும் பலன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரா ஹோல்டன் குழுவினர் இதை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். பேசக் கற்ற பிறகு செவித்திறனை இழந்து, இம்ப்ளான்ட் பொருத்திக்கொண்ட 114 பெரியவர்கள். சோதனை மிக எளிமையானது. சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வரும் ஓரசைச் சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசுபவரின் முகம் தெரியாது. வாக்கியமாக இருந்தால் முன்பின் பார்த்து ஊகிக்கலாம்; தனிச் சொல்லில் அதற்கும் வழியில்லை. பழகிய பிறகு அவர்கள் எடுத்த மதிப்பெண், ஒரு கோடியில் நூற்றுக்கு 3, மறு கோடியில் நூற்றுக்கு 89. முதலாமவர் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பின்தொடர வேண்டும். இரண்டாமவர் டெலிபோனில் பேசிவிடுவார்.

இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அப்படிச் சொல்ல எதை அளக்க வேண்டும்? நான் அறிந்த மருத்துவப் புதிர்களில் இது மிக அழகானவற்றுள் ஒன்று. விடையைத் தேடி வயது, வருடம் என்று தொடங்கியவர்கள் காதுக்குள் போய், நரம்புக்குள் போய், மூளைக்குள் போய், கடைசியில் வீட்டுக்கூடத்துக்கும் வந்து நிற்கிறார்கள்.

முதலில் கருவி. காது மெஷின் சத்தத்தைப் பெருக்கிக் காதுக்குள் அனுப்பும். இம்ப்ளான்ட் கெட்டுப்போன பகுதியைத் தாண்டி நேராக நரம்பிடம் போகிறது. காதுக்குப் பின்னால் மாட்டிய செயலியின் மைக் பேச்சை வாங்குகிறது. செயலி அதைத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒலியின் வலிமை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நுணுக்கங்களில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும் வட்டச் சுருள் வழியாக இந்தத் தகவல் தோலுக்கு அடியிலிருக்கும் பகுதிக்கு ரேடியோ அலையில் போகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி காக்ளியாவுக்குள் நுழைகிறது. தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து அந்தக் கம்பியில் 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் இருக்கும்.

காக்ளியா நத்தை ஓட்டின் வடிவில் இரண்டரைச் சுற்றுக்குச் சுருண்ட குழாய். விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் வரும். அதன் அடிப்பக்கம் உயர்ந்த சுருதிகளுக்கு, உச்சிப்பக்கம் தாழ்ந்த சுருதிகளுக்கு என்று இயற்கை இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. நல்ல காதில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் அந்தக் குழாய் நெடுக வரிசையாக நின்று, அசைவை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. அங்கிருந்து சுமார் 30,000 நரம்பிழைகள் மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மயிர்ச்செல்கள் செத்துப்போனால் அந்த வேலையை இருபது எலக்ட்ரோடுகள் செய்தாக வேண்டும். 3,500 எங்கே, 20 எங்கே! இதில் பேச்சு புரிவதே அதிசயம். 1960, 70-களில் செவி அறிவியலில் பெயர்பெற்ற பலர் இது நடக்கவே நடக்காது என்று சொன்னதில் வியப்பில்லை.

அவர்கள் சொன்னதற்கு ஆதாரமும் இருந்தது. 1977-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பில்ஜர் ஒற்றை எலக்ட்ரோடு பொருத்திய 13 பேரைச் சோதித்தார். கருவி உதட்டசைவைப் படிக்கத் துணைசெய்தது. தன் குரலைக் கட்டுப்படுத்திப் பேசவும் உதவியது. ஆனால் கருவியை மட்டும் நம்பிப் பேச்சைப் புரிந்துகொள்ள ஒருவராலும் முடியவில்லை. மறு ஆண்டு, 1978 ஆகஸ்ட் 1 அன்று, மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல எலக்ட்ரோடுகள் கொண்ட கருவியை ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். அவருக்கு அடுத்துப் பொருத்திக்கொண்டவர் பல வருடங்களாக எதையும் கேட்காதவர். சொற்களின் ஒலி மூளையில் அத்தனை காலம் தங்கியிருக்குமா என்பதே அப்போது பெரிய சந்தேகம். தங்கியிருந்தது, அவருக்கும் பேச்சு புரிந்தது. இன்று இத்தனை ஆய்வுகளாக விரிந்திருக்கும் கேள்வியின் விதை அந்தச் சந்தேகத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு குறைந்த தகவலில் பேச்சு எப்படிப் புரிகிறது? 1995-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹவுஸ் காது ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் ஷனனும் சகாக்களும் நல்ல செவியுள்ளவர்களிடமே இதைச் சோதித்தார்கள். பதிவுசெய்த பேச்சைச் சில பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஒலியை நீக்கிவிட்டு வெறும் இரைச்சலை நிரப்பினார்கள். இரைச்சலின் ஏற்ற இறக்கம் மட்டும் பழைய பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும். அப்படி நான்கே பட்டைகள் போதுமானவையாக இருந்தன. கொஞ்சம் பழகிய பிறகு, அமைதியான அறையில், வாக்கியங்கள் பெரும்பாலும் புரிந்துவிட்டன. பேச்சில் தேவைக்கு மேல் அவ்வளவு தகவல் குவிந்து கிடக்கிறது; மூளை அதில் கொஞ்சம் கிடைத்தாலே மீதியைக் கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் 22 எலக்ட்ரோடு தாராளமாயிற்றே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். காக்ளியாவுக்குள் உப்பு நீர்மம் நிரம்பியிருக்கிறது. ஒரு எலக்ட்ரோடில் விடும் மின்சாரம், ஈரத் துணியில் வைத்த மைப்புள்ளி மாதிரி, அக்கம்பக்கமெல்லாம் பரவுகிறது. பக்கத்து எலக்ட்ரோடு தூண்ட வேண்டிய நரம்பையும் இதுவே தூண்டிவிடுகிறது. எல்லா எலக்ட்ரோடுகளையும் ஒரே கணத்தில் இயக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகத் துடிப்பு கொடுக்கும் முறையை பிளேக் வில்சன் 1991-இல் வெளியிட்ட பிறகு பேச்சுப் புரிதல் தாவி ஏறியது. ஆனாலும் பரவல் முழுவதும் ஒழியவில்லை. 2001-இல் வந்த ஆய்வொன்றில், இம்ப்ளான்ட் பயன்படுத்துவோருக்கு எலக்ட்ரோடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனபோது எட்டு வாக்கில் முன்னேற்றம் நின்றுவிட்டது. நல்ல காதுள்ளவர்களுக்கோ இருபது பட்டைவரை ஏறிக்கொண்டே போனது.

இதைத் தமிழ்ச் சொற்களில் வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். பல், பால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் கால அளவே காட்டிக்கொடுக்கிறது. கால அளவை இம்ப்ளான்ட் நன்றாகவே கடத்தும். கட்டு, பட்டு என்பதில் வேறுபாடு வாய்க்குள் காற்று எங்கே அடைபடுகிறது என்பது. அதைக் காட்டிக்கொடுப்பது எந்தச் சுருதியில் ஒலி குவிகிறது என்ற விவரம். இம்ப்ளான்ட் பயன்படுத்துவோர் அதிகம் தடுமாறுவது இந்த வகை வேறுபாட்டில்தான். இன்னும் ஒரு படி போனால் வால், வாள், வாழ். தமிழின் ல, ள, ழ, ர, ற ஐந்தையும் ஷ்ரீகாந்த் நாராயணனும் சகாக்களும் எம்.ஆர்.ஐ. படங்களோடு ஆராய்ந்து 1999-இல் எழுதியிருக்கிறார்கள். நாக்கின் வளைவும் வாய்க்குள் அது விடும் இடமும் மாறுவதால் ஒலியின் அதிர்வுக் குவியங்கள் கொஞ்சம் நகர்கின்றன. அந்த நகர்வே ழகரத்தை ழகரமாக்குகிறது. பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் மின்சாரம் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்து அந்த நகர்வு ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாமல் போகும். ஆக, எத்தனை எலக்ட்ரோடு இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை எலக்ட்ரோடுகளை அந்தக் காதால் தனித்தனியாகப் பிரித்தறிய முடிகிறது என்பதே கணக்கு. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு முதல் விடையைப் புள்ளிவிவரம் தேடியது. மெல்போர்னின் பீட்டர் பிளாமி 1996-இல் 808 பேரின் தரவைத் திரட்டினார். எந்த வயதில் செவித்திறன் போயிற்று, எத்தனை வருடம் கேளாமல் இருந்தார், எதனால் போயிற்று, எந்த வயதில் இம்ப்ளான்ட் வைத்தார், வைத்து எவ்வளவு காலமாயிற்று: இந்த ஐந்து விவரங்கள். மதிப்பெண்களில் தெரியும் மொத்த ஏற்றத்தாழ்வை நூறு பங்காக வைத்தால், ஐந்தும் சேர்ந்து விளக்க முடிந்தது 21 பங்கு. அதே ஐந்தை 2013-இல் 2,251 பேரிடம் பொருத்திப் பார்த்தார்கள். இந்த முறை 10 பங்குதான்!

ஆள் கூடக் கூடக் கணிப்பு தெளிவாக வேண்டாமா, மங்குவானேன்? காரணம் நல்ல காரணம். முதல் தலைமுறையில் முழுவதும் செவியிழந்து வருடக்கணக்கானவர்களே அறுவை சிகிச்சைக்கு வந்தார்கள். பிற்பாடு ஓரளவு கேட்கும் திறன் மிச்சமிருப்பவர்களுக்கும் பொருத்தினார்கள், காத்திருக்கும் காலம் குறைந்தது, கருவியும் மேம்பட்டது. "எத்தனை வருடம் கேளாமல் இருந்தார்" என்ற கேள்வியின் கூர் மழுங்கிப் போயிற்று. இதில் மருத்துவமனை அறையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு செய்தி உண்டு. "வயசாகிடுச்சு, ரொம்ப வருஷமாயிடுச்சு, இனி என்ன பிரயோஜனம்" என்று ஒருவரை ஒதுக்க இந்தத் தரவில் இடமே இல்லை. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரியும் சரிவு, எதிரே இருக்கும் ஒருவருக்கு அநேகமாக எதையும் சொல்லாது.

மீதி எங்கே ஒளிந்திருக்கிறது? கொஞ்சம் கம்பி இருக்கும் இடத்தில். காக்ளியாவின் குழாய் உள்ளே மேல் அறை, கீழ் அறை என்று பிரிந்திருக்கிறது. கம்பி கீழ் அறையில் இருக்க வேண்டும். நுழைக்கும்போது நடுச்சவ்வைக் கிழித்துக்கொண்டு மேல் அறைக்குத் தாவிவிட்டால் பேச்சுப் புரிதல் குறைகிறது என்று ஹோல்டன் குழுவின் ஸ்கேன்கள் காட்டின. அறுவை சிகிச்சை நிபுணரின் கையில் நடக்கும் மில்லிமீட்டர் விவகாரம் இது.

இதைவிடப் பெரிய துப்பு நரம்பிலிருந்து வந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் குழுவினர் செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, காக்ளியாவின் வட்டச் சாளரம் தெரியும்படி வழி திறந்தாகிவிட்டது. கம்பியை நுழைக்க இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் சாளரத்தருகே ஒரு சின்ன எலக்ட்ரோடை வைத்து, காதுக்குள் பல சுருதிகளில் உரத்த ஒலி எழுப்புகிறார்கள். பதிலுக்கு காக்ளியா உண்டாக்கும் மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். அதைப் பெருக்கிப் பதிகிறார்கள். கேளாதவர் என்று சான்றளிக்கப்பட்ட காது அது. ஆனாலும் பெரும்பாலான காதுகளிலிருந்து பதில் வந்தது! எங்கோ சில மயிர்ச்செல்கள் பிழைத்திருந்து, சொந்தக்காரருக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தன. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், இந்தப் பதிலின் அளவு ஒன்றே பெரியவர்களின் மதிப்பெண் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதியை விளக்கியது. வயது, வருடம், காரணம் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததைச் சில நிமிடத்து அளவீடு செய்தது. மயிர்ச்செல்கள் மிஞ்சிய இடத்தில் நரம்பும் நல்ல நிலையில் இருக்கும், இம்ப்ளான்ட்டின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

ஜீன்களும் இதே பக்கம் கைகாட்டுகின்றன. ஜி.ஜே.பி.2 என்ற ஜீனின் கோளாறு, இந்தியா உட்படப் பல நாடுகளில் பிறவிச் செவியின்மைக்கு அடிக்கடி காணப்படும் காரணம். கோளாறு காக்ளியாவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, நரம்பு தப்பிவிடுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் பொதுவாக நன்றாகப் பலன் தருகிறது.

நரம்பு பாதி என்றால் மற்றப் பாதி மூளை. குழந்தைகளிடம் இதை நேரடியாகவே பார்க்கலாம். ஒலி கேட்டவுடன் மூளையின் செவிப் பகுதியில் எழும் முதல் பெரிய மின்னலை எவ்வளவு தாமதமாக வருகிறது என்று அனு ஷர்மா குழுவினர் அளந்தார்கள். 2002-இல் வெளியான முடிவு இது: மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே அந்தத் தாமதம் மற்றக் குழந்தைகளின் அளவுக்கு வந்துவிட்டது. ஏழு வயதுக்குப் பிறகு வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவேயில்லை. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு "இன்னும் கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லும் உறவினர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய விவரம் இது.

காத்திருக்கும் காலத்தில் மூளையில் என்ன நடக்கிறது? காலி இடம் காலியாகவே கிடப்பதில்லை. 2001-இல் 'நேச்சர்' இதழில் கொரிய ஆய்வாளர்கள் காட்டியது வியக்கத்தக்கது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் மூளையை அறுவை சிகிச்சைக்கு முன் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். செவிப் பகுதி மந்தமாகக் கிடந்த குழந்தைகளுக்குத்தான் பின்னால் பேச்சு நன்றாக வந்தது. சுறுசுறுப்பாக இருந்த மூளையில் அந்த இடத்தை வேறு வேலைகள் எடுத்துக்கொண்டுவிட்டன என்று பொருள் கொண்டார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் பெரியவர்களிடம் 2013-இல் செய்த ஆய்வும் ஒரு வகையில் இதே திசையில் போனது. உதட்டைப் படிப்பதில் மூழ்கினால் செவிப் பகுதியைப் பார்வை பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் பயிற்சியாளர்களிடம் பரவியது.

பிறகு 2017-இல் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் பெரியவர்களை அறுவை சிகிச்சைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் சோதித்தார்கள். உதட்டசைவைப் பார்க்கும்போது செவிப் பகுதியின் துடிப்பு யாருக்குக் கூடியதோ, அவர்களுக்கே பேச்சு நன்றாகப் புரிந்தது. கண் காதின் இடத்தைத் திருடவில்லை, கைகொடுத்திருக்கிறது என்று ஆயிற்று. பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளையும், நாற்பது வருடம் கேட்டுப் பேசிய பிறகு செவியிழந்தவரின் மூளையும் ஒன்றல்ல. ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் சொல்லக்கூடாது என்பதே இந்த முரணுக்கு எனக்கு நியாயமாகப் படும் விளக்கம். இருக்கும் புலனை மறைத்துவிட்டால் இன்னொன்று தானாக வளரும் என்று நம்பி, குழந்தையின் கண்ணெதிரே வாயைப் பொத்திக்கொண்டு பேசும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

2018-இல் ஹாங்காங்கின் பேட்ரிக் வாங்கும் சிகாகோவின் நான்சி யங்கும் சேர்ந்து, 37 குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, யாருக்குப் பேச்சு வேகமாக முன்னேறும் என்று கணிக்கச் செய்தார்கள். ஒலி இல்லாததால் மாறிப்போயிருந்த செவிப் பகுதிகளில்தான் விடை இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். இருந்ததோ வேறிடத்தில். செவியின்மை தொடாமல் விட்ட, கேட்டதைப் பொருளாக்கும் மேல்நிலைப் பகுதிகளே நன்றாகக் கணித்தன. அழிந்ததை எண்ணியவர்களுக்குக் கிடைக்காத விடை மிஞ்சியதை எண்ணியபோது கிடைத்தது. வட்டச் சாளரத்தில் வைத்த எலக்ட்ரோடு சொன்னதும் இதைத்தான்.

எந்த ஸ்கேனிலும் தெரியாத ஒரு காரணம் பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் நிபார்க்கோ தலைமையில் 188 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வயதில் இம்ப்ளான்ட் வைத்தார்கள் என்பதோடு, பெற்றோர் குழந்தையோடு எப்படிப் பேசிப் பழகினார்கள் என்பதும் பேச்சு வளர்ச்சியோடு சேர்ந்தே வந்தது. குடும்பத்தின் பொருளாதார நிலையும் அப்படியே. இதைச் சொல்லும்போது கவனம் தேவை. குழந்தைக்குப் பேச்சு வரவில்லையென்றால் அம்மா மீது பழிபோட நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு அழைத்துவரும் தாய்க்கு நேரமும் பஸ் காசும் கிடைக்க வழி செய்வதே அந்த ஆய்வைச் சரியாகப் படித்ததாகும்.

பயிற்சி அறையில் ஒவ்வொரு நாளும் முதலில் நடப்பது ஒரு குட்டிச் சோதனை. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறில் அடங்கிவிடும். பயிற்சியாளர் தன் உதடு தெரியாதபடி ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டவுடன் குழந்தை கையிலிருக்கும் மணியை டப்பாவில் போட வேண்டும். 'ஸ்' சொல்லும்போது கை அசையவில்லையென்றால், உயர்ந்த சுருதிக்கான எலக்ட்ரோடுகளில் ஏதோ சரியில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மேப்பிங்கை, அதாவது எலக்ட்ரோடுகளுக்குப் போகும் மின்சார அளவுகளின் அமைப்பை, திருத்த ஆடியாலஜிஸ்டிடம் அனுப்புவார்கள். கணிப்பு என்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று ஆறு ஒலிகள் அன்றன்றைக்குச் சொல்கின்றன. நல்ல கணிப்பு அதையே இரண்டு வருடம் முன்னால் சொல்லும். "இவனுக்குத் தாமதமாகும்" என்று ஸ்கேன் சொன்னால் அவனுக்கு இரட்டிப்புப் பயிற்சி முதல் மாதத்திலிருந்தே தொடங்க வேண்டும். இம்ப்ளான்ட் மறுக்க அதைக் காரணமாக்கினால் அந்த அறிவை நாம் தவறான கையில் கொடுத்தவர்களாவோம்.

தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இலவசமாக இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார்கள். இது சிறிய எண்ணிக்கை அல்ல. செவி நரம்பு இருக்கிறதா, காக்ளியா சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அறுவை சிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். ஹாங்காங் கணினி படித்ததும் அப்படி வழக்கமாக எடுத்த படங்களைத்தான். அந்தப் படத்தோடு, வட்டச் சாளரத்தில் கிடைத்த மைக்ரோவோல்ட் அளவையும், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து அதே குழந்தை 'பல்', 'பால்', 'வாள்', 'வாழ்' என்று கேட்டுத் திருப்பிச் சொன்ன மதிப்பெண்ணையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால், தமிழ் பேசும் குழந்தைக்கென்றே ஒரு கணிப்பு உருவாகும். படத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் ஸ்கேன் அறையும் பயிற்சி மையமும் தங்கள் பதிவேடுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.